கரடிப்பல் ஏலம்

மனித குலம் பசியை வென்றுவிட்டது என்ற செய்தி, வருகிற சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இராகு காலம் கழிந்த கையோடு, பொள்ளாச்சியில் வெளியிடப்படும். பொதுமக்கள் திரளாக வந்து வெற்றியைக் கண்டுகளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வரும்போது அவரவர் சாப்பாட்டை அவரவரே கொண்டுவரவும்.

உணவுத் தன்னிறைவு மற்றும் தாடை மேம்பாட்டுத் துறையின் அழைப்பிதழ் இப்படித்தான் தொடங்கியது. நெற்பயிரை ஒரு பூஞ்சை பிடித்து, அது கோதுமைக்கும் சோளத்துக்கும் தாவி, அரசாங்கக் கிடங்குகளில் எலிகள்கூடக் குடிபெயர்ந்துபோன பிறகு, தலைநகரத்தில் கூடிய நிபுணர் குழு ஓர் உண்மையைக் கண்டறிந்தது. பூஞ்சை தொடாத புல் ஒன்று மலையெங்கும் வளர்கிறது. அதற்கு மூங்கில் என்று பெயர். மனிதனால் அதை மெல்ல முடியாது. பாண்டா கரடியால் முடியும். ஆகவே குறை விளைச்சலில் இல்லை, மனிதனின் வாயில்தான் இருக்கிறது.

அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்து என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். பந்தல் போட்டவர் பெயர்கூட இருந்தது. பாண்டாவின் பல்முளையை மனிதத் தாடைக்குள் வேர்விட வைத்த பல் மருத்துவர் நாச்சிமுத்துவின் பெயர் மட்டும் இல்லை. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. அரசுப் பணியில் இருப்பவர், பழகியிருந்தது. அவருடைய கவலை வேறு. மேடையில் ‘முதல் பயனாளி’ என்று உட்கார வைக்கப்போகிறவர் அவருடைய அக்காவின் கணவர்.

விழா நடந்தது ஒரு கல்லூரி மைதானத்தில். மேடைக்குப் பின்னால் இருந்த இயற்பியல் ஆய்வகத்தை ஒப்பனை அறையாக மாற்றியிருந்தார்கள். நாச்சிமுத்து கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“வாங்க மாப்ளே! உங்க சரக்கு பத்திரமா இருக்குதான்னு பாக்க வந்தீங்களாக்கும்?”

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மச்சான் வாய்விட்டுப் பேசி அவர் கேட்டு மாதக்கணக்காகிறது.

“என்னங்க மச்சான், பேசறீங்க!”

“வாயி சும்மா இருக்குதுல்லோ,” என்றார் சென்னியப்பன். பட்டு வேட்டியும் நெற்றி நிறையச் சந்தனமுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். “நேத்துப் பொழுது சாயறப்ப நிறுத்துனானுங்க. ஒரு குருத்து இல்ல, ஒரு தழை இல்ல, தண்ணிகூடக் கெடையாதுன்னுட்டாங்க. வவுறு பத்தி எரியுது. ஆனா பேசப் பேச நெம்ப சொகமா இருக்குது மாப்ளே. இப்படியே பட்டினி கெடந்தே செத்தாலும் பேசிட்டே செத்துப்போடலாம்.”

சென்னியப்பன் தேங்காய் மண்டியில் ஏலம் விட்டவர். அவர் குரலுக்காகவே காய் வாங்காதவர்களும் மண்டிக்கு வந்து நிற்பார்கள் என்று ஒரு காலத்தில் பேச்சு. சோதனைக்கு ஒரு வாய் தேவை என்று துறையின் ஆய்வு மையத்தில் ஆள் தேடியபோது எவரும் முன்வரவில்லை. தாடை கொடுப்பவரின் குடும்பத்துக்கு, கிடங்கில் மிஞ்சியிருக்கும் பழைய அரிசியில் மாதம் ஒரு மூட்டை என்று அறிவித்த அன்று சென்னியப்பன் வந்து நின்றார். அவருக்கு இரண்டு பெண்கள்.

“நீ உன்ற மச்சானுக்குப் பல்லு வெச்சயா, மாட்டுக்கு வாய்க்கூடு போட்டயாடா நாச்சி?” என்றாள் அவர் அக்கா பூங்கோதை. கணவரின் கழுத்தில் வழிந்த வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். “கல்யாணத்தப்ப ஒட்டிக் கெடந்த மூஞ்சி. இப்பப் பாரு, திருவிழாக் கடையில வெச்ச பொம்மையாட்ட. பக்கத்து வீட்டுக் கொழந்தைங்க வந்து கன்னத்தக் கிள்ளிட்டுப் போகுதுங்க.”

“அது கொழுப்பில்லக்கா. மெல்ற சதை. பாண்டாவுக்கும் அதனாலதான் மூஞ்சி வட்டமா இருக்கு.”

“பாக்கறவங்களுக்கு அழகுதான். கட்டிக்கிட்டவளுக்குத்தான தெரியும். ராத்திரி முச்சூடும் பக்கத்துல மரம் அறுக்கற சத்தம்.”

“அப்பறம் என்னத்துக்குடி மரப்பட்டறைக்காரன் மகளக் கட்டுனேன்? உனக்குப் பழக்கமிருக்கும்னுதான்,” என்றார் சென்னியப்பன். சிரித்தார். சிரித்ததில் கடவாய்ப் பற்கள் தெரிந்தன. மனித வாய்க்குப் பொருந்தாத அகலம். மேற்பரப்பு தட்டையாக, புதிதாகக் கொத்திய அம்மிபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. நாச்சிமுத்து அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமைப்படுவார். இன்றைக்கு அவர் கண் போனது பற்களின் நிறத்துக்கு. பளபளப்பு போய், சுண்ணாம்புக் காரை மாதிரி வெளுத்துக் கிடந்தன.

“ஏண்டா, எல்லாந் தெரிஞ்ச டாக்டரு நீ. இப்படி முழு நாளும் மெல்லோணும்னு முன்னமே சொல்றதுக்கென்ன?”

“சொன்னேங்க்கா. பாண்டாவே முக்காவாசி ஏமாந்த பிராணி. பல்லு மூங்கிலுக்குத் தக்கபடி மாறிப்போச்சு, குடல் மாறல. உள்ள இருக்கிறது இன்னும் கறி தின்ற கரடியோட குடல்தான். தின்றதுல அஞ்சுல ஒரு பங்குகூட ஒடம்புல சேராது. அதனால முழிச்சிருக்கிற நேரமெல்லாம் தின்னுட்டே இருக்கும். மச்சானுக்கு வயித்துல நுண்ணுயிர் விட்டும் அதே கணக்குதான். இதை நான் இயக்குநர்கிட்டச் சொன்னேன். அவரு அதை ‘நாள் முழுவதும் நீடிக்கும் உணவு அனுபவம்’னு மாத்தி அறிவிச்சுட்டாரு.”

நாச்சிமுத்துவின் கைப்பேசி அதிர்ந்தது. மச்சானின் கடவாய்ப் பல்லுக்கடியில் பதித்த உணரியிலிருந்து வந்த எச்சரிக்கை. பச்சையாக இருக்க வேண்டிய வட்டம் மஞ்சளாகியிருந்தது.

அப்போதுதான் இயக்குநர் உள்ளே வந்தார். முனைவர் பேராசிரியர் டாக்டர் வை. ஞானவடிவேல். பெயருக்கு முன்னால் மூன்று, பின்னால் நான்கு என்று பட்டங்கள் அணிவகுக்க, நடுவில் மனிதர் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்.

“பயனாளி ரெடியா?”

“சார், அவருக்கு உடனே தண்ணி குடுக்கணும்.”

“நாச்சிமுத்து, விஞ்ஞானி உணர்ச்சிவசப்படக் கூடாது. தண்ணி குடிச்சா என்ன ஆகும்?”

“பல்லு...”

“பல்லை விடுங்க. பாத்ரூம் போவார். அஞ்சுல ஒண்ணு சேரும், மிச்சம் நாலு வெளிய வந்தாகணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஒத்திகையில பார்த்தோமே, ஸ்பிரிங் வெச்ச மாதிரி எழுந்து எழுந்து போனார். அமைச்சர் பேசும்போது மேடையிலிருந்து பயனாளி எழுந்து போனா நாளைக்குத் தலைப்புச் செய்தி அதுதான்.”

“சார், காலையிலிருந்து ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக் கடிச்சுத் துப்பிக் காட்டியிருக்கார். ஒவ்வொரு கடிக்கும் எனாமல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பாண்டா பல்லோட பெருமையே, அந்தக் கீறல் தானாக் கூடிக்கும்கிறதுதான். ஆனா அதுக்கு ஈரம் வேணும். எனாமல் இழைகளுக்கு நடுவுல இருக்கிற பசை தண்ணியை உறிஞ்சி உப்பினாத்தான் கீறல் மூடும். வாய் காஞ்சிருந்தா மூடாது. அதுக்கு மேல கடிச்சா பிளந்துடும்.”

“பிளந்தா வேற பல் வெச்சுக்கலாம்.”

“வேர் தாடை எலும்போட ஒண்ணா வளர்ந்திருக்கு சார். பல்லு பிளந்தா தாடையும் பிளக்கும். அப்புறம் அவர் எதையும் மெல்ல முடியாது. பேசவும் முடியாது.”

சென்னியப்பன் மைத்துனரைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. விலை படியாத வியாபாரியைப் பார்க்கிற பார்வை இருந்தது.

“அரை மணி நேரம்,” என்றார் இயக்குநர். “அமைச்சர் கிளம்பிட்டார். ஒரே கடி, அவ்வளவுதான். அப்புறம் குளத்துலயே இறக்கி விடுங்க.”

அமைச்சர் கிளம்பிட்டார் என்றால் அமைச்சர் குளிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். இதற்கு நாச்சிமுத்துவுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு பேர் ஒரு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒத்திகையில் கொடுத்த பச்சைக் குச்சி இல்லை. உள்ளே துளையே இல்லாத கல் மூங்கில். நன்றாக உலர்த்தி, வார்னிஷ் அடித்து, நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

“இது என்ன சார்?”

“பழைய குச்சி பெரிய திரையில பல்குச்சி மாதிரி தெரியுதாம். அமைச்சர் கையால எடுத்துக் கொடுக்கிறப்ப ஒரு கம்பீரம் வேண்டாமா?”

“இது கட்டில் கால் சார்!”

“பளபளன்னு இருக்குல்ல?” என்றார் இயக்குநர் திருப்தியோடு. கதவருகே திரும்பி, “நீங்க கீழயே நில்லுங்க நாச்சிமுத்து. அழைப்பிதழ்ல பேர் இல்லாதவங்க மேடை ஏறக் கூடாதுன்னு போலீஸ்ல கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க,” என்றார்.

சென்னியப்பனை மேடையின் நடுவில், சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பல் தெரிய வேண்டும் என்பதற்காக வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அமைச்சருக்கென்று நிறுத்திய ராட்சத மின்விசிறி, அமைச்சர் இல்லாததால் முழுக் காற்றையும் அந்தத் திறந்த வாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

வரவேற்புரை தொடங்கியது. பேசியவர் மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விளித்தார், இல்லாதவர்களையும் விளித்தார். அடுத்தவர் வந்து அதே பெயர்களைத் தலைகீழ் வரிசையில் சொன்னார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. ஒவ்வொரு ஆடையும் போர்த்திய இரண்டாவது நொடியில் கழற்றப்பட்டு அடுத்த கழுத்துக்குப் போனது. வெயில் ஏறியது. அமைச்சர் வந்துகொண்டிருந்தார். பிறகு அமைச்சர் வந்துகொண்டே இருந்தார். பிறகு, இதோ இன்னும் சற்று நேரத்தில், அமைச்சர் வந்துகொண்டிருந்தார்.

மேடையின் கீழே, தடுப்புக் கட்டைக்குப் பின்னால், நாச்சிமுத்து கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார். மஞ்சள் ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது. ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் நின்ற போலீஸ்காரரிடம் நீட்டினார்.

“இதை மட்டும் அவருகிட்டக் குடுத்துருங்க. ஒரு மடக்குப் போதும்.”

“பாட்டிலுங்களா? மேடைக்குப் பாட்டில் ஆகாதுங்க. போன கூட்டத்துல எவனோ எடுத்து வீசிப்போட்டான்.”

“நான் டாக்டருங்க. அவருக்கு இது மருந்து மாதிரி.”

“மருந்து பாட்டிலும் பாட்டிலுதானுங்களே.”

அவர் திரும்பி வந்தபோது வட்டம் சிவப்பாகியிருந்தது. பெரிய திரையில் மச்சானின் வாய் ஒரு வீட்டு வாசல் அளவுக்குத் தெரிந்தது. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது. வலது கீழ்க் கடவாயில் முடியிழைபோல ஒரு கோடு. கூட்டத்தில் வேறு யாருக்கும் அது கோடு என்று தெரிந்திருக்காது.

“என்றா செவப்பா இருக்குது?” என்றாள் பூங்கோதை.

“ஒண்ணுமில்லக்கா.”

“பொய் சொன்னா உனக்குக் காது மடலு துடிக்கும். சொல்லு.”

சொன்னார்.

பூங்கோதை அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “அப்பக் கத்துடா. இங்கிருந்தே கத்து. அந்தக் கட்டைய அவரு வாயில வெக்க வுடாதே.”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். இந்தப் பல் காய்ந்தால் உடையும் என்று இத்தனை கேமராவுக்கு முன்னால் அவரே கத்தினால், திட்டம் அந்த நிமிடமே செத்தது. அதோடு அவர் வேலை போகும், போகட்டும். திட்டத்தோடு அந்த அரிசி மூட்டையும் நிற்கும். பெண்கள் இரண்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன. கத்தாவிட்டால் மச்சானின் தாடை. அவருடையதோ ஈரமான வாய், கச்சிதமான மனிதப் பற்கள், மெல்ல எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு சொல் வரவில்லை.

இதற்குள் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. பின்வரிசைகள் காலியாகிக்கொண்டிருப்பதைப் பெரிய திரையே ஈவிரக்கமில்லாமல் காட்டியது. பேசுவதற்கு ஆள் தீர்ந்துபோன அறிவிப்பாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேடையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் சென்னியப்பன் மேல் விழுந்தது. அவருக்குச் சென்னியப்பன் என்றால் மென்றுகொண்டே தலையாட்டுகிற ஒரு முகம். அந்த வாய்க்கு வேறு வேலையும் தெரியும் என்பது அவர் அறியாதது. சரி என்று கையசைத்தார்.

“இப்போது நமது முதல் பயனாளி தனது இன்ப அனுபவத்தை இரண்டொரு வார்த்தைகளில் பகிர்ந்துகொள்வார்!”

ஒலிவாங்கி சென்னியப்பனின் கைக்கு வந்தது. அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து, தோளில் கிடந்த பொன்னாடையை உருவித் தலையில் முண்டாசாகக் கட்டினார்.

“ஏலத்துக்கு வந்திருக்கிற சாமிகளா! எல்லாருக்கும் வணக்கமுங்க!”

குரல் வறண்டு கீறியது. ஆனால் அது மண்டிக் குரல். வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள்.

“சரக்க நல்லாப் பாத்துக்குங்க. சீனத்துக் கரடிப்பல்லு! நாட்டுப் பல்லாட்டம் சிறுசில்லைங்க, அகலமான பல்லு. கடிச்சா மூங்கிலு முறியும். மென்னா நாரு மாவாகும். பட்டைய உரிக்க முன்னால ஒரு செட்டு, அரைக்கறதுக்குப் பின்னால ஒரு செட்டு. மில்லு வெக்க வேண்டாம், கரண்டு வேண்டாம். யாருங்க கேக்கறது?”

கூட்டம் விசிலடித்தது. இயக்குநர் முகம் மலர்ந்தது. அமைச்சர் வரும்வரை தாங்கும் என்று தெரிந்துவிட்டது.

“இருங்க, இருங்க. எங்க மண்டியில ஒரு வழக்கமுங்க. மொதத் தரம் சொல்றதுக்கு முன்னால சரக்கோட குறைய வாய்விட்டுச் சொல்லிப்போடோணும். மறைச்சு வித்தா அந்த ஏலம் செல்லாது. சொல்லட்டுங்களா?”

“சொல்லு, சொல்லு!”

“கோழி கூப்பிட மெல்ல ஆரம்பிச்சா கண்ணு சொருகற வரைக்கும் மெல்லோணுமுங்க. நிறுத்துனா வவுறு நெருப்பாட்டம் எரியும். எங்கம்மா செத்துக் கொள்ளி வெக்கப் போனேன். ஒரு கையில கொள்ளி, ஒரு கையில தழைக்கட்டு. சுடுகாட்டுலயும் தின்னுட்டு நின்ன மகன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.”

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

“எம் பெரிய பொண்ணு பரிச்சையில மொதலா வந்துட்டேன்னு ஓடியாந்து சொல்லுச்சுங்க. நல்லா இரு கண்ணுன்னு சொல்ல வாயி காலியில்லை. தலைய ஆட்டுனேன். நெறஞ்ச வாயோட ஆட்டற தலை ஆமாங்குதா இல்லைங்குதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லைன்னு நெனச்சுட்டு உள்ள போயிருச்சு. அதுக்கப்பறம் அது எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்றதில்லைங்க.”

மைதானம் அடங்கிவிட்டது. ராட்சத மின்விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த அமைதிக்குள், ஒலிபெருக்கி வழியாக, சின்னதாக ஒரு சத்தம்.

டிக்.

ஒலிவாங்கிக் கோளாறு என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நாச்சிமுத்துவின் கண் பெரிய திரையில் அந்தக் கடவாய்க் கோட்டைத் தேடியது. சென்னியப்பன் கன்னத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

“குறைய மறைக்காமச் சொல்லிப்போட்டனுங்க. இனி வெலை. வெலையே இல்லைங்க! அரசாங்கம் இனாமாக் குடுக்குது! யாரு கேக்கறீங்க? ஒரு தரம்!”

யாரும் அசையவில்லை.

“இனாமுங்க சாமி, இனாம்! ஒரு தரம்... ரெண்டு தரம்!”

முன்வரிசையில் ஒருவர் கையெடுத்து வாயைப் பொத்தினார். பக்கத்தில் இருந்தவர் பொத்தினார். வரிசை வரிசையாகக் கைகள் வாய்க்குப் போயின. துறையின் மாவட்ட அதிகாரிகூடப் பொத்திக்கொண்டதைப் பெரிய திரை காட்டியது.

மூன்றாவது தரம் விழுந்தால் ஏலம் முடிந்தது. இந்தச் சரக்குக்கு நாட்டில் ஆளில்லை என்று தீர்ப்பு. அது விஞ்ஞானம் படித்த இயக்குநருக்கே புரிந்தது. அவர் நாற்காலியை உதறிக்கொண்டு ஓடினார்.

“குருத்து! குருத்து கொண்டாங்கய்யா! தண்ணி! எதையாவது அவர் வாயில போடுங்கய்யா!”

பாட்டிலுக்கு மறுப்புச் சொன்ன அதே போலீஸ்காரர் ஒரு குடத்தையே தூக்கிக்கொண்டு படியேறினார். மேடை அலங்காரத்துக்குக் கட்டியிருந்த மூங்கில் குருத்துகளை நாலு பேர் பிய்த்தார்கள். இயக்குநர் தன் கையாலேயே தண்ணீரை ஊற்றினார்; தன் கையாலேயே ஊட்டினார். சென்னியப்பன் முகத்தைத் திருப்பப் பார்த்தார். நேற்றைய மாலையிலிருந்து காத்திருந்த வயிறு விடவில்லை. தாடை தானாக அசையத் தொடங்கியது. கண் மட்டும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தரம் குருத்தோடு சேர்ந்து அரைபட்டு உள்ளே போனது.

நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் சிவப்பு மெல்ல ஆரஞ்சானது. ஆரஞ்சு மஞ்சளானது. இயக்குநர் பயத்தில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டேயிருந்தார். அமைச்சரின் கார் ஒலி கேட்டபோது வட்டம் பச்சையாகியிருந்தது.

“கூடிருச்சாடா?” என்றாள் பூங்கோதை.

“கூடிருக்கும். இன்னுங் கொஞ்ச நேரம் கெடைச்சா நல்லது.”

அமைச்சர் விளக்கேற்ற ஆன நேரம்தான் கிடைத்தது. ரிப்பன் கட்டிய கல் மூங்கிலை இரண்டு கையாலும் எடுத்து அமைச்சர் நீட்டினார். சென்னியப்பன் அதை வாயின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார். நெற்றிப்பொட்டுச் சதை கயிறுபோலத் திரண்டது. பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். நாச்சிமுத்துவால் மூட முடியவில்லை.

படார்!

உடைந்தது எது என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை. பிறகு மேடையில் இரண்டு துண்டு மூங்கில் உருண்டது. சென்னியப்பன் வார்னிஷைத் துப்பினார். கைதட்டல் பந்தல் கூரையைப் பிய்த்தது.

அமைச்சர் பேசத் தொடங்கினார். குடம் குடமாகக் குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்ட, சென்னியப்பன் பேச்சின் நடுவில் சட்டென்று எழுந்தார். கூட்டம் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு மொத்தமாக எழுந்து நின்று கைதட்டியது. அமைச்சரின் அரசியல் வாழ்வில் அப்படியொரு வரவேற்பு அதுவரை கிடைத்ததில்லை.

விழா முடிந்து அமைச்சர் காரில் ஏறுமுன் இயக்குநரை அருகே அழைத்தார். மருத்துவப் பெட்டியோடு நின்ற நாச்சிமுத்துவையும் இயக்குநர் தன்னோடு இழுத்துக்கொண்டார். அடி விழுந்தால் பங்கிட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே.

“கார்ல வரும்போது நேரலையில பார்த்தேன்,” என்றார் அமைச்சர்.

“ஐயா... பயனாளி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு...”

“அதை விடுங்க. எங்க கட்சியில இருக்கிற பேச்சாளர் ஒருத்தனுக்கும் அந்த வாய் கிடையாது. குருத்தை வெச்சதும் பொட்டுன்னு நின்னுபோச்சே, அது எப்படி?”

இயக்குநர் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

“பசிங்க ஐயா,” என்றார் நாச்சிமுத்து. “வாய்க்குள்ள போயிட்டா தாடை நிக்காது. விடிஞ்சதிலிருந்து தூங்கற வரைக்கும் மென்னுட்டே இருக்கணும். மனுசனுக்குப் பேச நேரமே இருக்காது. அவரு சொன்னதெல்லாம் நெசங்க ஐயா. இதுல இருக்கிற பெரிய குறையே அதுதான்.”

அமைச்சர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“குறைன்னு யார் சொன்னது?”

காருக்குள் ஏறி உட்கார்ந்தார். கதவை மூடுவதற்கு முன் சொன்னார். “முதல்ல மண்டி, சந்தை, ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை. அப்புறம் கல்லூரிங்க. கோர்ட்டு வக்கீல்களுக்குத் தனிச் சலுகை குடுக்கலாம்.”

“மலைக்கிராமங்கள்லதான் ஐயா பசி ரொம்ப...” என்று இழுத்தார் நாச்சிமுத்து.

“அவங்க எங்கய்யா பேசறாங்க?”

கார் போய்விட்டது.

திட்டம் அமோக வெற்றி. வாயைப் பொத்திய கைகளெல்லாம் பசி முற்றியதும் தானாகவே இறங்கின. சந்தைகளில் கூவல் நின்று அரைக்கும் ஓசை நிரம்பியது. டீக்கடைகளில் அரசியல் பேசியவர்கள் ஆளுக்கொரு கட்டுத் தழையோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தபடி மென்றார்கள். மறுப்புரை எழாததால் மசோதாக்கள் மளமளவென்று நிறைவேறின. ஞானவடிவேலின் பெயருக்குப் பின்னால் ஐந்தாவது பட்டம் சேர்ந்தது. அடுத்த அழைப்பிதழில், பந்தல்காரருக்கு ஒரு வரி கீழே, நாச்சிமுத்துவின் பெயரும் வந்தது. அவர் நாள் தவறாமல் வாய்களைத் திறந்து பல்முளை நட்டார். சென்னியப்பன் மென்றார். அவர் வீட்டுக்கு மூட்டை மாதந்தோறும் வந்தது. பூங்கோதைக்குப் பல் மாற்றவில்லை. இருந்தும் தம்பியிடம் அவள் பேசுவதை விட்டிருந்தாள்.

பிறகு மலையில் மூங்கில் பூத்தது. மூங்கில் தன் ஆயுளில் ஒரே தடவை பூக்கும். ஒரு மலையில் பூத்தால் அந்த வகை முழுக்க எல்லா மலையிலும் பூக்கும். பூத்து, விதையைக் கொட்டிவிட்டு, காய்ந்து செத்துப்போகும். வால்பாறை முதல் நீலகிரி வரை பச்சை தீர்ந்து மலை வைக்கோல் நிறமானது. புதரடியில் கணுக்கால் ஆழத்துக்கு மூங்கிலரிசி கிடந்தது. பூஞ்சை அதைச் சீண்டவில்லை. நிபுணர் குழு அவசரமாகக் கூடியது. குழு கூடிக்கொண்டிருக்கும்போதே சனங்கள் சாக்கோடு மலையேறி அள்ளி வந்து, உலையில் போட்டுக் காய்ச்சிக் குடித்தார்கள்.

கஞ்சி குடிக்கப் பல் தேவைப்படவில்லை.